முகம் திருப்பிய சக்கரங்கள்

கடைசி ஸ்க்ரூவை முறுக்கி முடித்ததும் கண்ணாடிக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார். கடைக்கு வருகிறவர்களுக்குப் புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, அது மூக்கிலும் காதிலும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பாரே, அதே நிலை.

சமையலறை மேசையில், பழைய துண்டின் மேல், அந்த வண்டி நின்றது. முழங்கை நீளம் இருக்கும். மண்ணிலும் மேட்டிலும் குதித்து ஓடுவதற்கென்றே செய்த ரிமோட் பந்தய வண்டி. ஒல்லியான முன்சக்கரங்கள், முள்முள்ளாகத் தடித்த பின்சக்கரங்கள். அவர் தம்பியின் பழைய வண்டி; பொம்மை என்று சொன்னால் தம்பிக்குப் பிடிக்காது.

அது பரணிலிருந்து இறங்கிய கதை தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காக நாலு வார்த்தை.

தம்பி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கப்பலுக்கு மேலே, அந்தரத்தில் தொங்கும் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து வேலை பார்த்ததால் கூட்டாளிகள் அவருக்கு ‘ஆகாசம்’ என்று பெயர் வைத்தார்கள். போன வருடக் கடைசியில் பக்கவாதம் வந்து அந்த ஆகாசத்தைத் தரைக்கு இறக்கிவிட்டது. கால் திரும்பி வந்தது. பேச்சு வந்தது. இடது கை மட்டும் வரவில்லை. மனைவி காலமாகி வெகுநாள். ஒரே மகள் தூரத்து ஊரில். அவளுடைய கல்யாணத்தன்று, கப்பல் வந்துவிட்டதென்று வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்து நின்றவர் அவர். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. தனக்கு வந்த நோய் அவளுக்குத் தெரியக் கூடாது என்று அண்ணனிடமும் அண்ணியிடமும் வாக்கு வாங்கியிருக்கிறார்.

அண்ணன் வீட்டின் பின்னறைதான் இப்போது அவருக்கு. அதுவும் இன்று வரைதான். ஊருக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவரே பேசி இடம் வாங்கிவிட்டார். நாளைக் காலை அங்கிருந்து வேன் வருகிறது.

“முடிஞ்சுதா?” என்று கேட்டுக்கொண்டே அண்ணி அடுப்பில் தண்ணீர் வைத்தார். தம்பிக்கு மட்டுமல்ல, அந்தக் கட்டடம் முழுவதற்கும் அவர் அண்ணிதான்.

“முடிஞ்சுது. வந்து பாரு. எங்கயாவது ஒரு தூசி இருந்தா எடுத்துக் காட்டு.”

“தூசி இருக்கட்டும். எனக்கு என் மேசை கிடைச்சாப் போதும். ஒரு மாசமாச் சாப்பிடுற கிண்ணத்துல சக்கரம் ஊறுது. அன்னைக்கு சூப்புல ஒரு வாஷர் கிடந்துது. மிளகுன்னு சொல்லிட்டீங்க.”

“நீ மென்னு பார்க்கிறதுக்கு முன்னாடி எடுத்துட்டேன்ல.”

அண்ணி சிரித்தார். அவருக்கும் அந்த வண்டியில் பங்கு உண்டு. பெட்டியைத் திறந்தபோது பழைய பேட்டரி கசிந்து கம்பியெல்லாம் பச்சை பூத்திருந்தது. வினிகரும் பழைய பல் தேய்க்கும் பிரஷும் கொண்டு அதைச் சுரண்டியவர் அவர்தான். முன்பக்கத் தடுப்பு உடைந்து, மூக்கறுந்த மாதிரி இருந்தது. அண்ணி பல் கட்டும் கூடத்தில் வேலை பார்ப்பவர். மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்கிற வேலை. அங்கே மிஞ்சிய பிசினில் அந்த மூக்கை வார்த்துக் கொண்டுவந்தார். பொய்ப்பல்லுக்கு ஈறு செய்யும் பிசின் என்பதால் வண்டிக்கு இளஞ்சிவப்பில் ஈறு முளைத்துவிட்டது.

“சாயங்காலம் கடையைச் சீக்கிரமா மூடிட்டு வந்துடறேன்” என்றார் கண்ணாடிக்காரர். “அவன் கையில கொடுப்போம். ரிமோட்டுல ரெண்டு குச்சி இருக்கு. கிரேன்ல இருந்த மாதிரியே. இடது கைக் குச்சியைத் தள்ளினாத்தான் வண்டி ஓடும். தள்ளிப் பார்க்கட்டும். அப்புறம் போறேன்னு சொல்லட்டும், பார்ப்போம்.”

அவர் குரலில் இருந்த நம்பிக்கையைக் கேட்டு அண்ணிக்கு மனசு இளகியது. கடவுளே, இவர் ஆசையைப் பொய்யாக்கிவிடாதே என்று நினைத்துக்கொண்டு தேநீரை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார்.

பெட்டி கட்டிலின் மேல் திறந்து கிடந்தது. சட்டைகள் ஒற்றைக் கையால் மடித்தவை என்று பார்த்தாலே தெரிந்தது. மருத்துவமனையில் கொடுத்த பஞ்சு உருண்டை, இடது கையால் அமுக்கிப் பழகச் சொன்னது, ஜன்னல் மேடையில் தூசி படிந்து கிடந்தது.

ஆகாசம் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அண்ணி தேநீரை வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில், கையை நீட்டினார்.

“நான் போட்டுக்கிறேன் அண்ணி.”

“ஒரு பொத்தான் தப்பா மாட்டியிருக்கு தம்பி.”

“தப்பாவே இருக்கட்டும்.”

அண்ணி கையை இழுத்துக்கொண்டார். ஆகாசம் தேநீரை ஒரு வாய் குடித்தார். பிறகு, வானிலை பற்றிக் கேட்கிறவர் போல, “பின் ஸ்பிரிங் கடைசியில உட்கார்ந்துடுச்சா?” என்று கேட்டார்.

அண்ணிக்கு ஒரு நிமிடம் புரியவில்லை.

“போன வாரம் தெறிச்சு ஓடிச்சே. அலமாரிக்கு அடியில போய் விழுந்த சத்தம் கேட்டுது. அண்ணன் தவழ்ந்து போய் எடுத்தான். மண்டையில இடிச்சுக்கிட்டான்.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தானே மேசை. தினம் காலையில கேட்குது. ஸ்க்ரூ முறுக்குற சத்தம், டயரை இழுத்து மாட்டுற சத்தம். ஒரு கியர் வழுக்குனாக்கூட எனக்குத் தெரியும். அந்த வண்டியை எத்தனை தடவை பிரிச்சு மாட்டியிருப்பேன்.” கோப்பையைச் சுழற்றிக்கொண்டே சொன்னார். “இன்னைக்குக் கூப்பிடுவான், நாளைக்குக் கூப்பிடுவான்னு படுத்துக் கிடந்தேன். கூப்பிடலை. சரி, அவன் பொழுதுபோக்குக்குச் செய்றான்னு விட்டுட்டேன்.”

“ஐயோ, உங்களுக்காகத்தான் தம்பி. முடிச்சு ஒரேயடியாக் கையில கொடுக்கணும்னு.”

“அதான். முடிச்சு.”

அந்தச் சொல்லை அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அண்ணிக்கு அது அதிகம் தைத்தது.

“எல்லாமே எனக்கு இப்ப முடிஞ்சுதான் வருது அண்ணி. ரொட்டி வெட்டி வருது. ஷூ கட்டி வருது. உங்க மேல குறை சொல்லலை. உங்களை மாதிரி ஒரு அண்ணி யாருக்குக் கிடைக்கும்? ஆனா காசு கொடுத்து இருக்கிற இடத்துல முடிச்சுக் கொடுத்தா மனசு உறுத்தாது. அதான் போறேன்.”

அண்ணி காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். சமையலறையில் வண்டி பளபளவென்று நின்றது. சற்றுமுன் அழகாகத் தெரிந்தது, இப்போது பார்க்கச் சங்கடமாக இருந்தது.

பல் கட்டும் கூடம் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் ஜன்னலில் தெரியும். எங்கே தொட்டாலும் வெள்ளைச் சுண்ணப்பொடி. மெழுகு உருக்கும் சின்ன விளக்கை ஏற்றுவதற்கு முன் அண்ணி தினமும் கண்ணை மூடி ஒரு வரி சொல்வார். ‘என் கை இன்னைக்கு யாருக்கும் நோவு தரக் கூடாது.’ அவருடைய பிரார்த்தனை அவ்வளவுதான்.

அன்று அவர் கையில் ஒரு கிழவரின் மேல்வரிசைப் பற்கள். மெழுகில் வரிசையாக நிறுத்தி, கீழ்வரிசையோடு கடிக்க வைத்துப் பார்த்தார். பொருந்தியது. ஆனால் கடைவாய்ப் பல்லை அவர் வழக்கம்போல ஒரு மயிரிழை உயரமாகவே விட்டார்.

அது அந்தத் தொழிலில் அவர் பழக்கம். அச்சில் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினாலும் வாய் வேறு, அச்சு வேறு. வாய்க்குச் சொந்தக்காரர் கடித்துப் பார்த்து, இங்கே இடிக்கிறது, அங்கே உறுத்துகிறது என்று சொல்ல வேண்டும். மருத்துவர் அதன்படி ராவிக் கொடுப்பார். ராவுவதற்கு மிச்சம் இல்லாமல் செய்து அனுப்பிய பல், பெரும்பாலும் தண்ணீர் டம்ளரில்தான் கிடக்கும். வாயில் ஏறாது.

அண்ணியின் கை நின்றுவிட்டது.

முன்பின் தெரியாத ஒரு கிழவருக்கு மிச்சம் வைக்கத் தெரிகிறது. வீட்டில் இருக்கிறவருக்கு ஒரு ஸ்க்ரூ மிச்சம் வைக்கத் தோன்றவில்லையே.

மதிய இடைவேளையில் அண்ணி இரண்டு தெரு நடந்து கண்ணாடிக் கடைக்குப் போனார். கண்ணாடிக்காரர் ஒரு பெண்மணிக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து அவர் முகத்தை அளந்துகொண்டிருந்தார். “வலது கண்ணை மூடுங்க. இல்லம்மா, உங்க வலது.” அந்த அம்மாள் போகும்வரை அண்ணி காத்திருந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடிக்காரர் கையிலிருந்த துணியால் துடைத்த லென்ஸையே மறுபடி துடைத்தார்.

“ஒரு மாசமாக் கேட்டுக்கிட்டு இருந்தானா?”

“நீங்க மண்டையில இடிச்சுக்கிட்டது வரைக்கும்.”

“அவனுக்காகத்தானே செஞ்சேன்.”

“அவருக்காகத்தான் செஞ்சோம். அவரைச் சேர்த்துக்கிட்டுச் செய்யலை.”

“இப்ப என்ன பண்ணச் சொல்றே?”

“பிரிச்சிடுங்க.”

அவர் லென்ஸைக் கீழே வைத்தார். “பிரிக்கிறதா? அந்தப் பின்சக்கரத்தைத் தாங்குற துண்டை மாட்டுறதுக்குள்ள என் நகம் ரெண்டு போச்சு. உனக்கென்ன, வாயால சொல்லிட்டே.”

“பின்பக்கத்தை மட்டும் பிரிங்க. கிண்ணத்துல போட்டு எடுத்துட்டுப் போய் அவர் முன்னாடி வைங்க.”

“அவன் திருப்பி மாட்டுவான்னு என்ன நிச்சயம்?”

“ஒரு நிச்சயமும் இல்ல. தொடாமலே நாளைக்கு வேன் ஏறிடலாம். அப்புறம் அது கிண்ணத்துலயே கிடக்கும். அதுக்கும் சேர்த்துத்தான் மனசைத் தேத்திக்கணும்.”

கண்ணாடிக்காரர் தெருவைப் பார்த்தார். மழை தூற ஆரம்பித்திருந்தது.

“பாதிதான் முடிஞ்சிருக்குன்னு சொல்லிடவா? உன் உதவி இல்லாம ஆகலைடான்னு?”

“வேண்டாங்க. பொய்யில ஆரம்பிச்சு ஒரு நல்லது வேண்டாம். அவர் காதுக்கும் தப்பாது, மேலே இருக்கிறவர் காதுக்கும் தப்பாது. உள்ளதைச் சொல்லுங்க.”

“உள்ளதைச் சொன்னா சிரிப்பான்.”

“சிரிச்சா நல்லதுதானே. அவர் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு?”



சாயங்காலம் சமையலறையில் ஸ்க்ரூ கழற்றும் சத்தம் கேட்டது. முறுக்கும் சத்தத்துக்கும் கழற்றும் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரிந்த ஒருவர் சுவருக்கு அப்பால் இருக்கிறார் என்பது இப்போது இருவருக்கும் தெரியும். கண்ணாடிக்காரர் முனகிக்கொண்டே செய்தார். இடப்பக்கத்தைக் கழற்றி முடித்தார். சக்கரம், ஸ்பிரிங், தாங்கும் துண்டு, ஸ்க்ரூக்கள் எல்லாம் சூப் கிண்ணத்துக்குள் போயின. வலப்பக்கத்துக்கு வந்ததும் கை ஓடவில்லை.

“இது இருக்கட்டுமே” என்றார்.

“சரி, இருக்கட்டும்” என்றார் அண்ணி.

கண்ணாடிக்காரர் கிண்ணத்தை ஒரு கையிலும் வண்டியை மறு கையிலும் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். அண்ணி வாசற்படியில் நின்றுகொண்டார்.

ஆகாசம் பெட்டியை மூட முயன்றுகொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் வண்டியை ஜன்னலோர மேசையில் வைத்தார். கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“காலையில முழுசா முடிச்சுட்டேன். பத்திரமா ஒரு ஸ்க்ரூ விடாம முடிச்சேன். உனக்கு ஒண்ணும் மிச்சம் வைக்கலை. அது தப்புன்னு உன் அண்ணி சொன்னா. எனக்கும் தோணிச்சு. அதான் பிரிச்சுட்டேன்.”

ஆகாசம் அண்ணனைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். மறுபடி அண்ணனைப் பார்த்தார்.

“நல்லா இருந்ததைப் பிரிச்சியா?”

“நல்லா இருந்ததைத்தான்.”

“கழண்டது ஸ்க்ரூ மட்டும்தானா அண்ணா?”

“நான் சொன்னேன்ல, சிரிப்பான்னு” என்று கண்ணாடிக்காரர் மனைவி பக்கம் திரும்பினார்.

ஆகாசம் சிரித்தார்தான். சத்தமில்லாமல், தோள் குலுங்க. சிரிப்பு அடங்கியதும் வண்டியின் பக்கம் குனிந்தார். முதலில் இளஞ்சிவப்பு மூக்கைத் தொட்டார்.

“இது என்ன, ஈறா?”

“என் கைவேலை தம்பி. கடிச்சாலும் உடையாது.”

“சிடுமூஞ்சிக்கு ஈறு முளைச்சிருக்கு” என்றார் ஆகாசம். சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். வண்டிக்கு அந்தப் பெயரை வைத்தது அவர் மகள். அதற்கு முன் அது அவர் மகளைக் கொஞ்சும் பெயராக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அப்பா அதைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுகிறார் என்ற கடுப்பில், இனி நான் இல்லை, இதுதான் சிடுமூஞ்சி என்று அவள் பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டாள்.

ஆகாசம் வண்டியின் பின்பக்கத்தைத் தன் பக்கம் திருப்பினார். கண்ணை இடுக்கினார்.

“அண்ணா, இந்தச் சக்கரம் ஏன் வெளியே பார்க்குது?”

“எது? இதுவா? அது நான் கழற்றலையே. சரியா இருக்கு.”

“எங்க சரியா இருக்கு? பின்சக்கரம் ரெண்டும் முன்பக்கமா லேசா உள்ளே பார்த்துக்கிட்டு இருக்கணும். அப்பத்தான் வேகத்துல வால் ஆடாது.” கிண்ணத்திலிருந்து இடப்பக்கத் துண்டை வலது கையால் எடுத்து, இருந்த இடத்தில் வைத்துக் காட்டினார். “இப்பப் பாரு. ரெண்டும் சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி முகத்தைத் திருப்பிக்கிட்டு நிக்குது. ஓட விட்டிருந்தா முதல் திருப்பத்துலயே பம்பரமாச் சுத்தியிருக்கும். வலது துண்டை இடதுலயும் இடது துண்டை வலதுலயும் மாட்டியிருக்கே.”

“அதுலயே வலதுன்னு குறி போட்டிருக்கு. அதைப் பார்த்துத்தான் மாட்டினேன்.”

“வண்டிக்கு வலது எது?”

கண்ணாடிக்காரர் தயக்கமே இல்லாமல் தன் இடது கையை நீட்டிக் காட்டினார்.

அண்ணிக்கு முதலில் புரிந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ஆகாசத்துக்குப் புரிந்தது.

“கடை” என்றார். “காலம் பூரா ஆள் முகத்துக்கு எதிரேயே உட்கார்ந்திருந்தா இப்படித்தான். எதிரே இருக்கிறவனோட வலது உனக்கு இடது. அதையே பழகிட்டே. இந்த வண்டி உன்கிட்ட கண்ணாடி வாங்க வரலை அண்ணா. உனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது. வண்டியை எதிரே நின்னு பார்க்கக் கூடாது. உள்ளே உட்கார்ந்து பார்க்கணும். நீ அதுக்குள்ள இருக்கிறதா நினைச்சுக்கோ. இப்பச் சொல்லு, வலது எது?”

கண்ணாடிக்காரர் வெகுநேரம் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக வலது கையை உயர்த்தினார்.

அவர் வண்டியைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. இத்தனை மாதமாகத் தம்பிக்கு எதிரே நின்றுகொண்டு, தம்பிக்கு எது வேண்டும் என்று தானே முடிவு செய்துகொண்டிருந்ததையும் சேர்த்துத்தான் யோசித்தார். அன்பு இல்லாமல் இல்லை. அன்பு எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறது என்பதில்தான் சில சமயம் இடமும் வலமும் மாறிப்போகின்றன.

“அந்தப் பக்கத்தையும் பிரி” என்றார் ஆகாசம். “ஸ்க்ரூ டிரைவர் எங்க?”

பெட்டி திறந்தபடியே கட்டிலில் கிடந்தது. அண்ணன் வலப்பக்கத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டு அதன் இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். அப்போதுதான் ஸ்க்ரூ நேராக ஏறும். அதற்கு இரண்டு கை வேண்டும்.

ஆகாசத்தின் இடது கை மடியில் கிடந்தது. அதை வலது கையால் தூக்கி மேசை மேல் வைத்தார். விரல்களைத் துண்டின் மேல் படியவைத்தார். ஸ்க்ரூவை எடுப்பதற்குள் விரல்கள் வழுக்கின. துண்டு சாய்ந்தது.

கண்ணாடிக்காரரின் கை தானாக நீண்டது. வாசலில் அண்ணி லேசாக இருமினார். கை சட்டைப் பைக்குள் போய்விட்டது.

இரண்டாம் தடவையும் சாய்ந்தது. அடுத்த தடவை துண்டு மேசையிலிருந்து உருண்டு தரையில் விழுந்து, கட்டிலுக்கு அடியில் போனது.

“போதும்” என்றார் ஆகாசம். முகம் சிவந்திருந்தது. “எடுத்துட்டுப் போ. நான் பெட்டியை மூடணும்.”

கண்ணாடிக்காரர் அசையவில்லை. குனிந்து எடுக்கவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. அன்று அவர் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான். வெளியே மழை ஜன்னல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அண்ணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். செய்து கொடுப்பதற்குப் பலம் கேட்டுப் பிரார்த்தித்திருக்கிறார். செய்யாமல் இருப்பதற்குப் பலம் கேட்டது அன்றுதான்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஆகாசம் தரையில் முழங்கால் ஊன்றி, கட்டிலுக்கு அடியில் வலது கையை விட்டுத் துழாவினார்.

“இங்க இருக்கிற தூசியையும் யாராவது கண்ணாடி போட்டுப் பார்த்தா நல்லது” என்றார் உள்ளிருந்து.

“அது என் இலாகா இல்ல. என் இலாகா வண்டியில இருக்கிற தூசி மட்டும்தான்” என்றார் அண்ணன்.

எழுந்து வந்து உட்கார்ந்ததும் ஆகாசம் முறையை மாற்றினார். விரலால் பிடிக்கப் பார்க்காமல், வண்டியைப் படுக்க வைத்து, இடது உள்ளங்கையை அப்படியே துண்டின் மேல் வைத்து அழுத்தினார். கையின் கனம் பிடித்துக்கொண்டது. வலது கை ஸ்க்ரூவை வைத்து முறுக்கியது. முதல் சுற்று. அடுத்தது. பாதி ஏறியதும் அழுத்தம் போதவில்லை. துண்டு நழுவப் பார்த்தது. அப்போது அவருடைய இடது கட்டைவிரல், யாரும் சொல்லாமல், உள்பக்கமாக மடங்கி அதைத் தடுத்து நிறுத்தியது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். சில நன்றிகளைச் சத்தமாகச் சொன்னால் கலைந்துபோகும் என்று பயமாக இருக்கும்.

ஒரு பக்கம் முடிந்தபோது தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. ஆகாசத்தின் கைபேசி அடித்தது. இல்லத்திலிருந்து வேன் ஓட்டுநர். காலையில் எந்த நேரத்துக்கு வரட்டும் என்று அவர் கேட்பது அறை முழுவதற்கும் கேட்டது.

ஆகாசம் வண்டியைப் பார்த்தார். ஒரு சக்கரம் நேராக நின்றது. இன்னொன்று கிண்ணத்தில் கிடந்தது.

“நாளைக்கு வேண்டாங்க. இங்க ஒரு வேலை பாதியில நிக்குது” என்றார். “எப்பன்னா... தெரியலை. முடிஞ்சதும் நானே கூப்பிடறேன். அதுக்குள்ள வேற யாருக்காவது இடம் வேணும்னா கொடுத்துடுங்க.”

கண்ணாடிக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைக்க வேண்டியது கண்ணாடியை அல்ல என்பது அண்ணிக்குத் தெரியும்.

“ரிமோட் எங்க?” என்றார் ஆகாசம், எதுவும் நடக்காத மாதிரி.

அண்ணன் ஓடிப்போய் எடுத்துவந்தார். கறுப்புப் பெட்டி, இரண்டு குச்சி, நீட்டி மடக்கும் ஏரியல். அதையும் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். ஆகாசம் அதைப் பின்பக்கமாகத் திருப்பினார். ஒரு சின்னச் சதுரக் குழியில் அவர் பார்வை நின்றது.

“இது காலியா இருக்கு.”

“ஆமா, ஒரு ஓட்டை. அதையும் பஞ்சு வெச்சுச் சுத்தம் பண்ணியிருக்கேன்” என்றார் அண்ணன் பெருமையாக.

“ஓட்டை இல்ல அண்ணா. இதுல கிரிஸ்டல்னு ஒண்ணு இருக்கும். நகம் அளவு வெள்ளித் துண்டு. இதுல ஒண்ணு, வண்டியில ஒண்ணு. ரெண்டுலயும் ஒரே எண் இருந்தாத்தான் இங்க சொல்றது அங்க கேட்கும். இது இல்லாம வண்டி அசையாது.”

“அதனால என்ன? தேடிப் புதுசா வாங்கிடலாமே.”

“வாங்கலாம்.” ஆகாசம் அந்தக் குழியைக் கட்டைவிரலால் தடவினார். “ஆனா அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். பந்தயத்துக்குப் போகக் கூடாதுன்னு ஒரு நாள், சின்னப் பொண்ணா இருந்தப்ப, அவ பிடுங்கி ஒளிச்சு வெச்சுட்டா. நான் திட்டிட்டு அதே எண்ணுல வேற மாட்டிக்கிட்டுப் போயிட்டேன். பந்தயமெல்லாம் விட்டதும் அந்த மாத்து கிரிஸ்டலை யாருக்கோ கொடுத்துட்டேன். அவ ஒளிச்சது ஒளிச்சதாவே போச்சு. கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி அவ நகைப்பெட்டியைத் திறந்தேன். பஞ்சுல சுத்திப் பத்திரமா வெச்சிருக்கா. ஒண்ணும் கேட்காம மூடிட்டேன்.”

மழை விட்டிருந்தது. எங்கோ ஒரு கதவு சாத்தும் சத்தம்.

“அண்ணி, அவ நம்பர் உங்ககிட்ட இருக்கா?”

இருந்தது. வாக்குக் கொடுத்த நாளிலிருந்து அண்ணி அதைத் தொட்டதில்லை, அழிக்கவும் இல்லை. கைபேசியில் தேடி எடுத்து, அழைப்பதற்கு விரலைக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தினார். ஆகாசம் தலையசைத்தார்.

“நீங்க சொல்லுங்க. நான் அழுத்திக்கிறேன்.”

அண்ணி ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். கைபேசி மேசையில் கிடக்க, ஆகாசம் இடது கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தினார். நேரம் ஆயிற்று. ஒரு எண் தப்பிப்போய் அழித்துவிட்டு மறுபடி அழுத்தினார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

மணி அடித்தது. நிற்பது போல இருந்த கடைசி நேரத்தில் எடுக்கப்பட்டது.

“ஹலோ?”

ஆகாசத்தின் உதடு அசைந்தது. கப்பல்களுக்கு மேலே உட்கார்ந்து பழகிய அந்தக் குரல் கீழே எங்கிருந்தோ வந்தது.

“நான்தான்மா. அப்பா. உன்கிட்ட... என் சாமான் ஒண்ணு இருக்கு.”

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. அது நீண்டுகொண்டே போயிற்று.

“இத்தனை வருஷம் கழிச்சு” என்றாள் அவள், “அதைக் கேட்கத்தான் போன் பண்ணுனீங்களா அப்பா?”

ஆகாசம் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கைகள் இரண்டும் சட்டைப் பைக்குள் இருந்தன. அண்ணியைப் பார்த்தார். அண்ணியின் வாய் வரை ஏதோ வந்தது. அவர் அதை விழுங்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

இந்தப் பதிலை அவருக்காக யாரும் முடித்துக் கொடுக்கப் போவதில்லை. ஆகாசம் தன் இடது கையை எடுத்துக் கைபேசியின் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூச்சை இழுத்துவிட்டார்.